தோண்டிய மண்

கொல்கத்தா

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார்களா? நான் சௌக்கியம்.

சாந்த்ராகாச்சிக்கு அப்பால் ஒரு வயலில், எப்போதோ மண்ணுக்குள் போன பழைய தேவாலயத்தை, மண்ணுக்கடியில் இருப்பதைத் திரையில் காட்டும் ராடார் வண்டியைத் தள்ளித் தேடுகிறோம். அஸ்திவாரம் கிடைத்துவிட்டது. நேற்று அதை ஒட்டி, இரண்டு முழ நீளம்கூட இல்லாத குழிகள் வரிசையாகத் திரையில் தெரிந்தன. "எல்லாம் குழந்தைங்கதான், அண்ணா" என்றான் கூட வேலை செய்யும் சுப்ரதோ. நான் நின்றுவிட்டேன். பாதியில் நின்றால் படம் கெட்டுவிடும். சக்கரத்தில் சேறு என்று பொய் சொல்லி, முதலிலிருந்து தள்ளினேன். ஒருமுறை தோண்டிய மண் முந்நூறு வருடமானாலும் பழையபடி சேர்வதில்லையாம்.

என் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள்.

இன்னொன்று. போனில் கேட்டால் சுகந்தி காதில் விழும்; பெற்றவள் தாங்கமாட்டாள். எங்கள் பாப்பாவை நீங்கள் புதைத்தபோது நான் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். ஆற்றங்கரையில் எந்த இடம் என்று நான் கேட்கவேயில்லை. மழைக்கு முன்னால் அங்கே ஒரு கல் நட்டுவிடுங்கள்.

வயலுக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. பெரிய கல் வேண்டாம், அப்பா. நான் வந்தால் தேடாமல் இருந்தால் போதும்.

உங்கள் மகன்,
அறிவழகன்