நம் இருவருக்கு மட்டும் விளங்கிய பேச்சு

அக்கா,

இன்று காலை பேருந்து நெட்டப்பாக்கத்தைத் தாண்டும்போது கரும்புப்பால் காயும் வாசனை சன்னல் வழியாக முகத்தில் அடித்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் அதைப் பற்றி என்னவோ சொன்னாள். என் வாயில் பதில் பிரெஞ்சில் வந்துவிட்டது. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

பாகூரில் நம் கரும்பாலைக்குச் சோறு எடுத்துப்போவோமே, அந்த வரப்புதான் நம் ராஜ்ஜியம். அண்ணனுக்கு நீ, தம்பிக்கு நான் என்று ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். இருவரும் புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர்கள். மாமியார் காதில் விழக்கூடாததையெல்லாம் பிரெஞ்சில் பேசித் தீர்த்தோம். உன் வீட்டுக்காரரின் முன்கோபம், நாத்தனாரின் வாய், எதையும் விட்டுவைக்கவில்லை. மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னாங்கடி அது, ஒல கொதிக்கற மாதிரி? தமிழுல பேசினா வாயி வெந்துடுமா?" என்பார்.

"ஒண்ணுமில்ல அத்த" என்று தலையைக் குனிந்துகொள்வாய். அடுத்த மூச்சிலேயே பிரெஞ்சில் எதையாவது சொல்லி என்னைச் சிரிக்கவைத்து மாட்டிவிடுவாய். பொல்லாதவள் நீ.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பிறகு பள்ளிக்கூடமும் மெல்ல மாறியது. என் மகளை மடியில் வைத்துப் பிரெஞ்சில் எண்ணச் சொல்லிக்கொடுத்தாய். "வேணாம் பெரிம்மா, டீச்சர் இங்கிலீஷுலதான் கேப்பாங்க" என்று இறங்கி ஓடிவிட்டாள். நீ சிரித்தாய். ஆனால் அன்றைக்கு வரப்பில் லத்தீன் பேச்சை எடுத்தாய்.

பள்ளிக் கோயிலில் நாம் பாட்டாக மட்டுமே கேட்ட லத்தீனை ஒரு காலத்தில் ரோமாபுரியில் மீன் விற்கிறவளும் பேசினாள் என்று மதர் சொல்லியிருந்தார். அதை யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை. தாய் பேசியதைத்தான் தானும் பேசுவதாக ஒவ்வொரு பிள்ளையும் நம்பியது. சொற்களின் வால் தேய்ந்தது, ஊருக்கு ஊர் பேச்சு வேறானது. சாமியார் பூசையில் படித்தது ஜனங்களுக்கு விளங்காமல் போனபோதுதான் அது கையை விட்டுப் போனதே தெரிந்ததாம். பிரெஞ்சும் அப்படி அதன் வயிற்றில் பிறந்ததுதான்.

"லத்தீனுக்காவது புள்ளைங்க இருந்துதுடி. நம்ம ரெண்டு பேருது நம்மளோட சரி" என்றாய். அதை மட்டும் தமிழில் சொன்னாய். பிள்ளை இல்லாத உன் கையிலிருந்து சோற்றுக் கூடையை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

அந்தக் காய்ச்சல் வந்தபோது உனக்குப் பிரெஞ்சு மட்டும்தான் வந்தது. பினாத்துகிறாய் என்று வீடே பயந்தது. நீ பினாத்தவில்லை. சாகப் பயமாக இருக்கிறது என்றாய். இவர்களிடம் சொல்லாதே, தாங்கமாட்டார்கள் என்றாய். உன் வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாடி சொல்றா?" என்றார் மாமியார்.

"தண்ணி கேக்கறா அத்த."

மாமியார் ஓடிப்போய்ச் சொம்பில் கொண்டுவந்தார். தாகமே இல்லாத நீ அவருக்காக ரெண்டு வாய் குடித்தாய். விடிவதற்குள் போய்விட்டாய். உன் பயத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். அதை இறக்கிவைக்க எனக்கு ஒரு ஆள் இல்லை. இருந்த ஒரே ஆள் நீதான்.

காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு ஒரு நாள் மாமியார் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"அவகிட்ட பேசுவியே, அது மாதிரி எதனா பேசுடி. வூடு ஒரு மாதிரியா கீது."

பேசினேன். நீ பயந்ததை, தண்ணீர் கேட்காததை, அவருக்காகக் குடித்ததை, எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொல்லி அழுதேன். ஒரு சொல்லும் விளங்காமல் அவர் "உம்" கொட்டிக்கொண்டே இருந்தார். நான் நிறுத்தியதும் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"இதுக்கு அவ இன்னா சொல்லுவா?" என்று கேட்டார்.

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் யாரும் இல்லாதபோது இன்றும் உன்னிடம் பேசுகிறேன். ஒவ்வொன்றும் சொல்லி முடித்ததும், நீ பதில் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறேன், அக்கா.