வாசலில் ஊதிக் காட்டியவர்

ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு, 2006

தூக்கம் வரவில்லை. கொளஞ்சியின் வீட்டுக்கு நான் இன்று போயிருக்கவே கூடாது.

பீங்கான் கம்பெனியில் களிமண்ணை அச்சில் வார்க்கும் வேலை செய்கிறவர். எங்கள் மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை முடித்து, பொங்கலிலிருந்து குடிக்காமல் இருக்கிறார். வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பார்த்து வருவது என் வேலை. என்னைக் கண்டதும், குடிக்கவில்லை என்பதற்கு அவர் ஊதிக் காட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது நான்தான்.

இன்று வாசல் நிறையச் செருப்புகள். அவர் மகளைப் பெண் பார்க்கப் பெண்ணாடத்திலிருந்து வந்திருந்தார்கள். அது புரிந்து நான் திரும்புவதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். வெள்ளை வேட்டியும் திருநீறுமாக எழுந்து வந்து, எல்லோர் முன்னாலும் முகத்தை நீட்டி ஊதினார்.

"இன்னிக்கும் தொடல மேடம்" என்றார், பெருமையாக.

அப்போதாவது ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். தெரிந்தவள், சும்மா வந்தேன் என்று சிரித்திருக்கலாம். நானோ வழக்கம்போல முகர்ந்து பார்த்துவிட்டு, "சரிங்க" என்று தலையாட்டினேன்.

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "வூட்ல கலந்துகிட்டு சொல்லி அனுப்புறோங்க" என்று எழுந்துகொண்டாள். அந்தப் பெண் தலை நிறையப் பூவோடு என்னையே பார்த்தபடி நின்றாள்.

பஸ் ஏற்றிவிட அவர் கூடவே வந்தார். பஸ் வந்ததும், "உங்கள சொல்லி என்னாங்க மேடம். அடுத்த வாரமும் வந்துடுங்க" என்றார்.

ஊதியபோது அவர் வாயில் கேசரி வாசனைதான் இருந்தது.