கதவில் இருந்த நான்கெழுத்து

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான், என் மனைவி, பாப்பா மூவரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி? டீச்சரம்மா, கொஞ்சம் உட்கார்ந்து பாடம் நடத்தினால் இங்கிலீஷ் ஓடிப்போய்விடாது.

நல்ல செய்தி. மூட்டை தூக்கும் வேலையிலிருந்து என்னை உள் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். பழைய பாட்டரிகளை உடைத்து, உள்ளிருக்கும் தகடுகளை உலையில் உருக்குகிறோம். கதவில் பெரிய பலகை: எல், ஈ, ஏ, டி. லீடரில் வரும் லீட்தானே? முதன்மைக் கொட்டகை! உன் இங்கிலீஷில் 'நைஃப்' என்று எழுதும்போது முன்னால் ஒரு 'கே' வெட்டியாக நிற்குமே, அப்படித்தான் இத்தனை நாள் நான் வாசலில் நின்றேன்.

வாயில் மட்டும் காசைச் சப்பியது போல ஒரு இனிப்பு. வயிறும் பிசைகிறது. சூடுதான். சாயங்காலம் வந்ததும் பாப்பா ஓடிவந்து என் சட்டையில்தான் முகம் புதைப்பாள்.

உன் தம்பி

மார்ச் 12

தம்பி,

அதே நான்கு எழுத்துக்கு இன்னொரு உச்சரிப்பு உண்டு. லெட். ஈயம். இன்று படித்தால் 'ரீட்', நேற்று படித்திருந்தால் 'ரெட்', எழுத்து மட்டும் மாறாது என்பார்களே, அந்தக் கோளாறுதான். எத்தனை பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். இன்று சிரிப்பு வரவில்லை.

அது விஷம், கண்ணா. தூசியாகச் சட்டையில் ஒட்டி வீட்டுக்கும் வரும். அந்தச் சட்டையோடு பாப்பாவைத் தொடாதே. மூவரும் உடனே ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. சூப்பர்வைசரிடம் கேட்டேன். "லீட்டோ லெட்டோ, உனக்கென்னய்யா? சம்பளம் ஒழுங்கா வருதுல்ல?" என்று சிரித்தார். மறுநாள் போனால் பலகை இல்லை. ஆணித் துளைகள்தான் இருந்தன.

எனக்கு முன்பு உலையில் நின்றவர் டம்ளரை அடிக்கடி நழுவவிடுவார். "பொண்டாட்டி பயம்" என்று கேலி செய்வோம். அவர் ஏன் வேலையிலிருந்து நின்றுவிட்டார் என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை.

சட்டையைத் தனியாகத் துவைக்கச் சொல்லிவிட்டேன். வேலையை விட்டால் வீடும் போகும், வீடு கம்பெனியுடையது. உன் படத்தைக் காட்டி 'அத்தை' என்பாளே பாப்பா, கொஞ்ச நாளாக எதுவும் பேசுவதில்லை. பிள்ளைகள் அப்படித்தான் என்கிறார் பக்கத்து வீட்டம்மா.

உன் தம்பி

ஏப்ரல் 9

தம்பி,

பேசிய பிள்ளை சும்மா பேச்சை நிறுத்தாது. வீடு போனால் போகட்டும், என் வீடு இருக்கிறது. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ.

அக்கா

ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே. என் மணிக்கட்டு நிமிரமாட்டேன் என்கிறது. நான் சொல்லச் சொல்ல உன் தம்பி மனைவி எழுதுகிறாள்.

ரத்தம் பார்த்தோம். என் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் திட்டினார். பாப்பாவுடையதைப் பார்த்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மருந்து தொடங்கியாயிற்று. "பேச்சு திரும்ப வந்துடுமா சார்?" என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார்.

வேலையை விட்டுவிட்டேன். நீ அலைய வேண்டாம்.

உன் தம்பி

அண்ணி, அவர் சொன்னது அவ்வளவுதான். இது நான் எழுதுவது. வேலையை விட்டதாக எழுதச் சொன்னார், எழுதினேன். இன்று காலையும் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனார். சாயங்காலம் அந்தத் தூசிச் சட்டையோடு வந்தபோது நான் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகத்தான் இதைச் சொல்லி எழுத வைத்தார். இன்னும் வெளியேதான் நிற்கிறார். சீக்கிரம் வாருங்கள்.