கண்ணில் படாதவருக்கும் ஒரு பங்கு

எங்கும் நிறைந்து, எவர் கண்ணிலும் படாத இறைவன் துணை.

அன்பு மகனுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எழுதுகிறேன். நேற்று நம் ஓட்டல் கல்லாவருகே, வேலையாட்கள் முன்னிலையில் நீ என்னிடம் பேசிய விதத்தைப் பற்றியல்ல. டிப்ஸ் பெட்டியைப் பற்றி.

பாத்திரம் கழுவும் அம்மாவுக்கும் பங்கு கொடு என்றேன்.

"அவங்கள எந்த கஸ்டமர்ப்பா பாத்தாரு? சிரிச்சுப் பேசிப் பரிமாறுறவனுக்குத்தான் டிப்ஸ். நீங்க பில்லை மட்டும் பாருங்க" என்றாய்.

கதவோரம் நின்று கேட்ட அந்த அம்மா, "நாளைக்கு வரமாட்டேங்கய்யா" என்று ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார்.

மகனே, இறைவனையும் எவரும் கண்டதில்லை. ஆயினும் அன்றைய முதல் வரவை அவருக்கென்று எடுத்துவைக்காமல் நீ கல்லாவை மூடியதில்லை. கடை தொடங்கிய காலத்தில் பாத்திரம் கழுவும் அதே தொட்டியருகே நின்றவள் உன் தாய். அதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

பெட்டியின் சாவி என்னிடம் இருக்கிறது. அந்த அம்மாவுக்கும் சம பங்கு என்று எல்லோர் முன்னிலையிலும் நீ சொல்லும்வரை அது திறக்காது. அவர் திரும்பும்வரை நான் கல்லாவில் உட்காரமாட்டேன். அவருடைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தட்டுகளைக் கழுவுவேன். கஸ்டமர் எவரும் என்னைப் பார்க்கமாட்டார். நீ பார்ப்பாய்.

நீயும் மருமகளும் குழந்தைகளும் ஒரு குறைவுமின்றி வாழ இறைவன் அருள்க. உன் வீட்டில் உழைக்கும் கைகள் யாவும் நிறைக.

உன் தகப்பன்