மாமாவின் நாடி

ஏங்க,

ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்கு ஓடுகிறேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் படுத்துவிடாதீர்கள். கஞ்சி அடுப்படியில் மூடி இருக்கிறது. மாமாவுக்குக் கொடுத்துவிட்டு, மணிக்கட்டைப் பிடித்து ஒரு முழு நிமிஷம் நாடி எண்ணுங்கள். அறுபதுக்குக் குறைந்தால் பிரஷர் மாத்திரை தராமல் எனக்கு ஆள் அனுப்புங்கள். சரியாக இருந்தால் நேற்று டாக்டர் குறைத்துச் சொன்ன பாதி மாத்திரை. பயந்துபோய் அடியோடு நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் திடீரென்று ஏறிவிடும். கட்டிலில் சற்று உட்காரவைத்த பிறகே எழுந்து நிற்கவிடுங்கள்.

நேற்று அவர் மயங்கி விழுந்ததும், "நர்சுன்னு பேரு, வூட்டுல கீற மனுசன் நாடிய ஒரு நாளாச்சும் பாத்தியா?" என்று கத்தினீர்கள். பார்க்கவில்லைதான். மருமகள் மாமனார் கையைத் தொடுவதா என்ற கூச்சம். ஆஸ்பத்திரியில் யார் யார் கையையோ பிடிக்கிறேன். இங்கே மாத்திரையையும் தண்ணீரையும் ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். நாடி பார்க்காமல் விட்ட வெட்கத்தில்தான் உங்கள் சாப்பாட்டு டப்பாவைக்கூட நேற்று நேரில் தரவில்லை.

வாலாஜாபாத்திலிருந்து உங்கள் அக்கா வருவார். மாத்திரையால் நாடி இறங்கியதை நான் கவனிக்காததால்தான் மாமா விழுந்தார்; வெயிலில் மயங்கினார் என்று எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.

ரத்னா

பி.கு.: இப்போது காபி கொடுக்கப் போனேன். மாமாவே கையை நீட்டி, "ஊர்ல கீறவன் கையெல்லாம் புடிக்கிற, நான் மட்டும் இன்னாம்மா பாவம் பண்ணேன்?" என்றார். பிடித்தேன். அழுகையில் எண்ணிக்கை தப்பிவிட்டது. நீங்கள் நிதானமாக எண்ணுங்கள்.