பெருமாளின் மாத்திரை டப்பா

புதன், இரவு.

இதய மருந்து ஆராய்ச்சியில் நானும் எதிர்வீட்டு மைத்துனன் பெருமாளும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று டாக்டருக்கே தெரியாதாம். எனக்குத் தெரியும். "நல்லம்பள்ளி வரைக்கும் சைக்கிள் மிதிச்சேன், மூச்சே வாங்கலைங்க மாமா" என்று தினமும் வந்து சொல்கிறானே, அவனுக்குத்தான் நிஜம். நேற்று அவன் குளிக்கப் போன நேரத்தில், எங்கள் இரண்டு டப்பா மாத்திரைகளையும் மாற்றிக் கொட்டிவிட்டேன்.

இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். "போன தடவைய வுட ரெண்டு சுத்து கூட நடந்திருக்கீங்க. இத்தன மாசமா சாப்புட்ட இதே மாத்திரைய வுடாம சாப்புடுங்க" என்றாள் நர்ஸ்.

சரி என்றேன்.

எதிர்வீட்டில் விளக்கு அணைந்துவிட்டது. என் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்குகிறான்.