தேயிலைப் பெட்டியில் வளர்ந்த பழி

1934 அக்டோபர் 8

மழை. ஃபேக்டரியில் அப்பாவுக்கு ஓயாத வேலை. எனக்கு வேலையே இல்லை என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று நான் பார்த்த வேலை அவளுக்குத் தெரியாது. ஒச்சப்பன் மேஸ்திரியின் விசிலுக்குள் ராகிக் களியை அடைத்துவிட்டேன். இன்று காலை பெயர் கூப்பிடும் மஸ்டரில், அத்தனை ஆட்களுக்கு முன்னால், கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினாராம். விசில் ஊமையாகிவிட்டது. மேஸ்திரி ஆகவில்லை. சின்னத் துரைகூடச் சிரித்தாராம்.

அக்டோபர் 10

கண்டுபிடித்துவிட்டார்.

துரை பங்களாவில் விருந்து என்றால் எங்கள் குடியிருப்பு வரிசைகளில் லயத்துக்கு ஒரு கோழியை மேஸ்திரி பிடித்துப்போவார். எந்த ஊட்டுக் கோழி என்பது அவர் இஷ்டம். ஆனால் அடையில் உட்கார்ந்ததை மட்டும் யாரும் தொடுவதில்லை. எங்கள் கோழி ஒன்பது முட்டைமேல் பதினாலு நாளாக உட்கார்ந்திருந்தது. அவர் நேராக அந்தக் கூடைக்குத்தான் வந்தார்.

"ஏனுங்க, அது அடைக்கோழிங்க" என்றாள் அம்மா.

"ஒம் மக விசில்ல களி கிண்டுனாளே, அப்ப என்னக் கேட்டா கிண்டுனா" என்றார். இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போனார். அது கத்தக்கூட இல்லை.

சண்டைச் சேவல் வளர்க்கிற மனுஷன். அடை கலைந்தால் என்ன ஆகும் என்று இந்த எஸ்டேட்டில் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. தெரிந்துதான் செய்தார். இருக்கட்டும். இருக்கட்டும்.

முட்டைகளை மரத்தூளில் புதைத்து அப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். இலை காய்கிற டிரையருக்குப் பக்கத்து அலமாரிமேல் வைத்திருக்கிறார். அங்கே மனுஷனே பொரிந்துவிடுவான், முட்டை பொரியாதா?

அக்டோபர் 17

எட்டு கூமுட்டை. ஒன்று மட்டும் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அப்பா தன் மஃப்ளரில் சுற்றித் தூக்குப்போசியில் வைத்துக் கொண்டுவந்தார். "இந்தா அம்மிணி, இன்னிக்கு ஃபேக்டரில தயாரான சரக்கு" என்றார்.

பெயர் வைத்துவிட்டேன்: பழி.

இது சேவலாக வளரும். சித்திரைக் கடைசியில் மாரியம்மன் நோம்பி வரும். அன்றைக்கு நடக்கும் சேவக்கட்டில் மேஸ்திரியின் செவலைச் சேவலை இது கிழிக்கும். மேஸ்திரி அழுவார். நான் முன்வரிசையில் நின்று பார்ப்பேன்.

அக்டோபர் 19

பழியைக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை. பகலிலேயே விரல் விறைக்கிற ஊர் இது. உடைந்த தேயிலைப் பெட்டி ஒன்றை உள்ளே இழுத்துப் போட்டு, சாக்கு விரித்து, பங்களாக் குப்பையில் கிடந்த பிராந்திப் போத்தலில் வெந்நீர் ஊற்றி, அப்பாவின் கம்பளிக் காலுறையை மாட்டி நடுவில் படுக்க வைத்திருக்கிறேன். பழிக்கு இதுதான் அம்மா. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் அம்மாவைக் காய்ச்ச வேண்டியிருக்கிறது.

தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டிருக்கிறேன், விழுந்து நனையாமல் இருக்க. வேகவைத்த மஞ்சள் கருவும் பொடித்த குருணையும் தீனி.

அக்டோபர் 20

பழிக்குப் பின்பக்கம் அடைத்துக்கொண்டது. வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிட்டேன். பழி வாங்குவதில் இந்த வேலையும் உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 23

வயிறு நிறைந்திருக்கிறது, சூடு இருக்கிறது, சாக்கு காய்ந்திருக்கிறது. இருந்தும் ஓயாமல் கத்துகிறது. தனியாக இருக்கிறதே, அதனால்தான் என்றாள் அம்மா. கண்ணாடியை எடுத்துப் பெட்டிக்குள் சாய்த்து வைத்தேன். போய் அதன்மேல் சாய்ந்து தூங்கிவிட்டது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டு பேர் இருந்திருக்க வேண்டும். எட்டு பேர், ஒச்சப்பன் மேஸ்திரி.

நவம்பர் 2

சாகப்போகிறது.

காலையிலிருந்து கழுத்து தொங்குகிறது. காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. கழிச்சல் பச்சையாகப் போகிறது. என்ன தப்பு செய்தேன்? சூடு குறைந்ததா? குருணை பெரிசா? ஒன்றும் புரியாமல் பெட்டியைக் காலி செய்தபோது தெரிந்தது. தேயிலைப் பெட்டிக்குள் ஈயத்தாள் ஒட்டியிருக்கும். அதில் கொத்துக் கொத்தாகப் பொத்தல். மின்னுவதைப் பூச்சி என்று நினைத்து இத்தனை நாளும் கொத்தித் தின்றிருக்கிறது.

தேயிலைக்குக் காற்றுப் படாமல் காக்கிற தாள், குஞ்சையும் காக்கும் என்று விட்டுவைத்தேன். நான்தான். மேஸ்திரி இல்லை, நான்தான். ஐயோ, என்ன பண்ணுவேன்.

மதியம்

கோழி வைத்தியம் தெரிந்த ஊடு ஒன்றே ஒன்று. மேஸ்திரி மலைமேல் இருக்கிற நேரமாகப் பார்த்து அவர் சம்சாரம் வீரம்மா அக்காவிடம் போனேன். பக்கத்து லயத்தில் ஒரு குஞ்சு இப்படிக் கிடக்கிறது, பாவம் என்று ஆரம்பித்தேன். அவர் முறத்தைக் கீழே வைக்கவே இல்லை. "பக்கத்து லயத்துக் குஞ்சுக்கா இப்பிடி மூக்கு செவந்து வந்து நிக்கிற?" என்றார். விளக்கெண்ணெய் ஒரு சொட்டு, பிறகு மோர், நாளைவரைக்கும் வேறெதுவும் கூடாது என்றார். எண்ணெயை அவரே சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்.

தாளை எல்லாம் உரித்துவிட்டேன். நகக்கண்ணில் ரத்தம்.

நவம்பர் 3

மோர் குடித்தது.

நவம்பர் 6

என் விரலைக் கொத்தியது. வலித்தது. இனிப் பயமில்லை.

1935 ஜனவரி 12

இறகு முளைத்துவிட்டது. போத்தலுக்கு ஓய்வு. கரையான் பெயர்த்துக் கொண்டுவந்து போட்டால் போர் நடக்கிறது. நான் அடுப்படிக்குப் போனால் அடுப்படி, வாசலுக்குப் போனால் வாசல். பழி என் காலைச் சுற்றுகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். செவிட்டில் ஒன்று விழுந்தது.

இன்று வெயில் என்பதால் லயத்துக் கோழிகளோடு விட்டுப்பார்த்தேன். எல்லாம் சேர்ந்து விரட்டின. அது எதிர்க்கவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. நேராக வந்து என் பாவாடைக்குள் புகுந்துகொண்டது. தான் கோழி என்பதே அதற்குத் தெரியாது. மறுபடி உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 20

நான்கு மாதம். இன்னும் கூவவில்லை. கொண்டையும் எழும்பவில்லை. அப்பா வாலைப் பார்த்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். அந்தப் பீடி எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 9

அரிசிக் கூடைக்குள் முட்டை.

ஆறு மாதமாகச் சண்டைச் சேவல் என்று நினைத்து வளர்த்தது முட்டை போட்டுவிட்டு, அதைப் பெரிய சாதனையாக ஊருக்கே அறிவித்துக்கொண்டிருக்கிறது. அப்பா ஆம்லெட் கேட்டார். நான் போய்ப் போர்வைக்குள் படுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 28

எழுந்துவிட்டேன்!

தண்ணீர்க் குழாயில் வீரம்மா அக்கா புலம்பிக்கொண்டிருந்தார். நோம்பிக்குச் செவலையைத் தயார் செய்கிறாராம் மேஸ்திரி. தினம் பாதாம் பருப்பு, மஞ்சள் கரு. "எனக்கு ஒருநா வாங்கிக் குடுத்திருப்பானா?" அதைவிடக் கூத்து, கட்டு முடிகிறவரை பெட்டைக்கோழி எதுவும் சேவல் கண்ணில் படக்கூடாதாம். பட்டால் மூர்க்கம் போய்விடுமாம். அக்கம்பக்கத்துக் கோழிகளை எல்லாம் விரட்டிவிட்டு, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தனியாகக் கட்டி வைத்திருக்கிறாராம்.

நான் குடம் நிறைந்து வழிவதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 30

மேஸ்திரி மலையேறியதும் பழியைத் துப்பட்டிக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் கொட்டகைக்குப் பின்னால் இறக்கிவிட்டேன். பயந்து என் காலுக்குத்தான் வந்தது. செவலை ஒரு தடவை கொக்கரித்துத் தன் பாதாமை எடுத்து அதன் முன்னால் போட்டது. பழி என்னைப் பார்த்தது. பாதாமைப் பார்த்தது. செவலையிடம் போய்விட்டது.

வீரம்மா அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. புடைக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

மே 4

ஐந்தாவது நாள். பாதாம் முழுக்கப் பழிக்குத்தான். மேஸ்திரி கைக்காசில் என் கோழி மினுமினுக்கிறது.

மே 10

பதினொன்றாவது நாள். இன்றோடு சரி, நாளை மேஸ்திரி லீவு. இரண்டையும் பிரிக்கச் சிரமமாக இருந்தது. ஒரே சாக்கில் இறகோடு இறகு ஒட்டி உட்கார்ந்திருந்தன.

மே 12

நோம்பி.

கீழ் எஸ்டேட் கறுப்புக்கும் நம் செவலைக்கும் கட்டு. மேஸ்திரி புதுத் தலைப்பாகையோடு வந்தார். முதல் தடவை விட்டார்கள், செவலை ஒரு அடி அடித்தது. இரண்டாவது தடவை சும்மா நின்றது. மூன்றாவது தடவை கறுப்பைப் பார்த்து இறக்கையைத் தாழ்த்தி, தரையைக் கொத்திக் கொத்தி அழைத்தது, அங்கே ஏதோ தீனி கிடப்பதுபோல. கூட்டம் ஒரு நொடி மூச்சுவிடவில்லை. அப்புறம் சிரித்தது பாருங்கள், குன்னூர் ரயிலுக்கே கேட்டிருக்கும். கறுப்பு பாய்ந்ததும் செவலை கயிற்றைத் தாண்டி ஓடிவிட்டது.

ஓடினது கோச்சை. கோச்சை, ஜெயித்தவருடைய குழம்புக்கு. அதுதான் சட்டம். "அத மட்டும் குடுத்துருப்பா, வேற எதுன்னாலும் கேளு" என்று மேஸ்திரி கெஞ்சினார். அவர்கள் செவலையை இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நான் முன்வரிசையில்தான் நின்றேன். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மே 13

மஸ்டரில் ஆட்கள் கொக்கொக் என்றார்களாம். மேஸ்திரி விசில் ஊதவே இல்லையாம். நன்றாக வேண்டும்.

மே 15

பழி தின்னவில்லை. மேஸ்திரி ஊட்டுப் பாதையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. பாதாமுக்கு ஏங்குகிறாயா, திமிரா உனக்கு என்று திட்டினேன்.

மே 17

கரையான் போட்டேன். பார்க்கக்கூட இல்லை. லயத்துக் கோழிகளிடம் விட்டேன். ஓரமாக நின்றது. நீ பிறந்ததே அவரைப் பழிவாங்கத்தான், முடிந்துவிட்டது, தின்னு என்று சொன்னேன். கோழிக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது. அதற்கென்று இந்த உலகத்தில் ஒரே ஒரு கூட்டாளி இருந்தது. அது கீழ் எஸ்டேட் சட்டிக்குள் போனது யாரால்?

கேள்வியை எழுதிவிட்டேன். பதிலை எழுதமாட்டேன்.

மே 19, ஞாயிறு

பழியின் நெஞ்செலும்பு கையில் குத்துகிறது. வீரம்மா அக்காவைக் கேட்கலாம் என்று தூக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது மேஸ்திரி. தலைப்பாகை இல்லாமல் நான் பார்த்ததே இல்லை, நரைத்த தலை.

"கோழி நாலு நாளாத் தின்னலீங்க" என்றேன்.

கையை நீட்டினார். கொடுத்தேன். தலைகீழாகப் பிடிக்கவில்லை. கண்ணைப் பார்த்தார், இரைப்பையை அமுக்கிப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் முதுகை நீவினார். சேவலின் நகம் பட்டு அங்கே இறகு தேய்ந்திருந்தது. விரல் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"எத்தன நாளு?" என்றார். தின்னாத கணக்கை அவர் கேட்கவில்லை.

"பதினொரு நாளுங்க."

மழை தொடங்கிவிட்டது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, கோழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அடிப்பார், இப்போது கழுத்தைத் திருகுவார் என்று நின்றேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது.

திரும்பி உள்ளே பார்த்து, வீரம்மா அக்காவிடம் தவிட்டை வெந்நீரில் பிசையச் சொன்னார். பிறகு கோழியைத் தன் மேல்துண்டுக்குள் அணைத்துக்கொண்டு, "வெளிய நிக்காத, வாடக் காத்து அடிக்குது" என்றார்.